மூன்று லட்சத்துக்குக் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் மேலூர் பக்கம் நான்குவழிச் சாலையில் என் அக்கா கணவர் பைக்கில் போகும்போது கார் மோதி இறந்துவிட்டார். வயது 38. வேடசந்தூரில் சொந்தமாக ஏ.சி., ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மாதம் 25,000 ரூபாய்க்குக் குறையாமல் சம்பாதிப்பார், ஆனால் வருமான வரி எதுவும் தாக்கல் செய்ததில்லை. பிள்ளைகள் இருவர், ஏழாவதும் மூன்றாவதும் படிக்கிறார்கள். மாமாவின் அம்மாவும் அக்காவோடுதான் இருக்கிறார். யாரோ வழிப்போக்கர் கொடுத்த புகாரில், பைக் திடீரென்று வலப்பக்கம் திரும்பியபோது பின்னால் வந்த கார் மோதியதாக எழுதியிருக்கிறது. மாமா ஹெல்மெட் போடவில்லை. காரை ஓட்டிய பையனுக்கு லைசென்ஸ் இல்லை என்று சொல்கிறார்கள். கார்க்காரர் ஊர்ப் பெரியவர்களோடு வந்து மூன்று லட்சம் தருகிறேன், சமாதானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். ஆஸ்பத்திரியிலேயே ஒரு ஏஜென்ட் அக்காவிடம் வெற்றுத் தாள்களில் கையெழுத்து வாங்கிப் போனார். சென்னையில் கேஸ் போட்டால்தான் நிறைய கிடைக்கும், வருவதில் முப்பது சதவீதம் தங்களுக்கு என்கிறார். மாமாவின் அம்மா தனக்குப் பாதி வேண்டும் என்கிறார். என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆறுதல். கடிதத்தில் நீங்கள் ஏழெட்டு விஷயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். அதில் இரண்டு அவசரம், அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று லட்சப் பத்திரத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். இழப்பீட்டு மனுவை இன்னும் இரண்டு மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.

பத்திரம் ஏன் வேண்டாம்? காருக்கு இன்சூரன்ஸ் சரியாக இருந்து, ஓட்டியவருக்கு லைசென்ஸும் இருந்தால், கார்க்காரர் தன் கையிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க வேண்டியதில்லை. மூன்றாம் நபர் இறந்தால் இழப்பீடு கொடுப்பது இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு. அப்படியிருக்க அவர் பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு கைக்காசோடு வருகிறார் என்றால், அவர் கவலை வேறெங்கோ இருக்கிறது. ஒன்று, விபத்து நாளில் பாலிசி நடப்பில் இல்லாமல் இருந்திருக்கலாம். அல்லது நீங்கள் கேள்விப்பட்டபடி ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை. இரண்டாவதுதான் உண்மை என்றாலும் நீங்கள் பயப்பட வேண்டாம். லைசென்ஸ் இல்லை என்று காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி உங்கள் அக்காவைக் கைகழுவிவிட முடியாது. முதலில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் கொடு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்றுதான் விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயங்கள் பொதுவாக உத்தரவிடுகின்றன. 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி அது. கடைசியில் பணம் தன் தலையில் விழும் என்று கார்க்காரருக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். மூன்று லட்சம் அந்தக் கணக்கில் வந்த தொகை, உங்கள் குடும்பத்தின் இழப்பைக் கணக்குப் போட்டு வந்ததல்ல.

அந்தப் பத்திரத்தில் "இனி எந்த நஷ்டஈடும் கோர மாட்டோம்" என்றொரு வரி கட்டாயம் இருக்கும். பிள்ளைகள் மைனர்கள். அவர்களுக்குச் சேர வேண்டியதை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாயேகூட விட்டுக்கொடுத்து எழுத முடியாது. ஆனாலும் அப்படி ஒரு தாள் எதிர்த்தரப்புக் கையில் இருந்தால், அதற்கு விளக்கம் சொல்லியே வழக்கில் பாதி நேரம் போய்விடும். கிரிமினல் வழக்கை இப்படி முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்கான பாரதிய நியாய சன்ஹிதா 106(1) சமரசமாகும் குற்றமே அல்ல.

காரின் இன்சூரன்ஸை எப்படிப் பார்ப்பது? எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று காட்டும். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது இன்றைய நிலவரம். உங்களுக்கு வேண்டியது விபத்து நடந்த நேரத்தில் நடப்பில் இருந்த பாலிசியின் நகல். பாலிசியில் தொடங்கும் தேதியோடு மணியும் அச்சாகியிருக்கும். காலையில் விபத்து நடந்து சாயங்காலம் பாலிசி எடுத்தவர்களும் உண்டு. போலீஸ் விசாரணைக் கோப்பில் பாலிசி, ஆர்.சி., லைசென்ஸ் மூன்றின் நகலும் இருக்க வேண்டும். எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். பாலிசியே இல்லை என்று தெரிந்தால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் மேல்தான் விழும். அவர் கொடுக்காவிட்டால் நிலவரி பாக்கி வசூலிப்பது போல ஆட்சியர் மூலம் வசூலிக்க வழி இருக்கிறது. நடைமுறையில் இழுத்தடிக்கும் விஷயம்தான், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நிலையில் மட்டும் சமரசம் பேசுவதில் அர்த்தம் உண்டு. அதையும் மனுப் போட்ட பிறகு, நீதிமன்றத்தில் வைத்துப் பேசுங்கள். டீக்கடையில் வேண்டாம்.

இனி காலக்கெடு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் கொண்டுவந்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 166ஆம் பிரிவில் இழப்பீடு கேட்கும் மனுவை விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் பல வருடங்கள் கெடுவே இல்லாமல் இருந்தது. அந்தப் பழக்கத்தில் "மெதுவாகப் போடலாம், அவசரமில்லை" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த ஆறு மாதக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். போலீசே விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், அதையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அது நடந்தால் நல்லது. உங்களுக்கு நான்கு மாதம் ஓடிவிட்டது, நீங்கள் உங்கள் மனுவைப் போடுங்கள்.

அந்த ஏஜென்ட் விஷயம்தான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பிணவறை வாசலில் சாவுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கும் இந்தத் தொழில் எல்லா ஊரிலும் நடக்கிறது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வழக்கில் வரும் தொகையில் பங்கு பேசிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. முப்பது சதவீதம் என்று வழக்கறிஞரே கேட்டாலும் தவறு, நடுவில் நிற்பவர் கேட்டால் சொல்லவே வேண்டாம். இன்னின்ன கட்டத்தில் இவ்வளவு என்று கட்டணத்தை ரூபாயாகப் பேசுங்கள். கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை, உங்கள் அக்கா கேட்டால் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.

வெற்றுத் தாள்களை வைத்து அவர்கள் ஏற்கெனவே மனுப் போட்டுவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அக்கா பெயரைப் போட்டுச் சென்னையிலும் மதுரையிலும் தேடினால், மனு இருந்தால் எம்.சி.ஓ.பி. எண்ணோடு, அதாவது விபத்து இழப்பீட்டு மனுவின் எண்ணோடு காட்டும். ஒரே விபத்துக்கு இரண்டு இடத்தில் மனு இருந்தால் பிறகு உங்கள் அக்காதான் பதில் சொல்ல வேண்டிவரும். மனு இல்லை என்றால், "நான் உங்களுக்கு வழக்கு எதையும் ஒப்படைக்கவில்லை, கையெழுத்து வாங்கிய தாள்களைத் திருப்பித் தரவும்" என்று அக்கா பெயரில் ஒரு கடிதம் எழுதி, ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மனு ஏற்கெனவே இருந்தால் அந்த வழக்கறிஞரிடம் ஒப்புதல் வாங்கி வேறு வழக்கறிஞருக்கு வக்காலத்து மாற்றலாம். தர மறுத்தால் நீதிமன்றத்தில் மனுப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

சென்னையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பது ஏஜென்டுகள் பரப்பிய கதை. விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம் இதில் எங்கு வேண்டுமானாலும் மனுப் போடலாம் என்று சட்டம் சொல்கிறது. இழப்பீட்டுக் கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். உங்கள் அக்கா வேடசந்தூரில் இருப்பதால் திண்டுக்கல்லில் போடலாம். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னைக்கு ரயில் ஏறினால் அவருக்கு என்ன லாபம்?

சரி, கணக்குக்கு வருவோம். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகத் தெளியும். இழப்பீட்டை நீதிபதி மனம்போன போக்கில் நிர்ணயிப்பதில்லை. 2009இல் சர்ளா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்த சூத்திரம் இருக்கிறது. இறந்தவரின் மாத வருமானத்தை எடுப்பார்கள். உங்கள் மாமா சுயதொழில் செய்தவர், நாற்பது வயதுக்குள் இருந்தவர், அதனால் எதிர்கால வருமான உயர்வுக்காக அதில் 40 சதவீதம் கூட்டுவார்கள். அவர் தனக்கென்று செலவழித்திருக்கக்கூடியதாக ஒரு பங்கைக் கழிப்பார்கள். அவரை நம்பி நான்கு பேர் இருப்பதால் அது கால் பங்கு. மிஞ்சியதை வருடக் கணக்காக்கி, வயதுக்குரிய பெருக்கு எண்ணால் பெருக்குவார்கள். 36 முதல் 40 வயது வரை அந்த எண் 15.

மாத வருமானம் 18,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 40 சதவீதம் கூட்டினால் 25,200. கால் பங்கு போக 18,900. வருடத்துக்கு 2,26,800. பதினைந்தால் பெருக்கினால் 34,02,000 ரூபாய். இதற்கு மேல் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று ஒவ்வொருவரின் உறவு இழப்புக்கும் தலா 48,000 ரூபாய் அளவில், ஈமச் செலவுக்கும் உடைமை இழப்புக்கும் தலா 18,000 ரூபாய் அளவில் சேரும். எல்லாமாக 36 லட்சத்துக்குச் சற்று மேல். மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டியும் உண்டு. நம் பக்கத்துத் தீர்ப்பாயங்களில் பெரும்பாலும் ஏழரை சதவீதம்.

இப்போது கவனியுங்கள். கையில் எந்த ஆதாரமும் இல்லாமல் போய், தீர்ப்பாயம் உத்தேசமாக மாதம் 12,000 என்று எடுத்துக்கொண்டால் இதே கணக்கு 25 லட்சத்தில் நின்றுவிடும். நீங்கள் சொல்லும் 25,000 ரூபாயை நிரூபித்துவிட்டால் 49 லட்சத்தைத் தாண்டும். அதாவது மாத வருமானத்தில் நீங்கள் கூடுதலாக நிரூபிக்கும் ஒவ்வொரு ஆயிரம் ரூபாய்க்கும் இழப்பீட்டில் 1,89,000 ரூபாய் கூடுகிறது. நல்ல வக்கீலைத் தேடி அலைவதைவிட, இந்த ஆயிரங்களைத் தேடி அலைவதில் பலன் அதிகம். வக்கீலாக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

வரி தாக்கல் செய்யாதவருக்கு வருமானமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஏ.சி. மெக்கானிக் எங்கே பணம் வாங்குவார், எங்கே கொடுப்பார் என்று யோசியுங்கள். வாங்குவது இன்றைக்குப் பெரும்பாலும் ஜிபே, ஃபோன்பே. வங்கிக்குப் போய் இரண்டு மூன்று வருட ஸ்டேட்மென்ட் கேளுங்கள். கொடுப்பது உதிரிபாகக் கடைக்கு. கம்ப்ரஸர், கேஸ் சிலிண்டர், காப்பர் பைப் எந்த மொத்தக்கடையில் வாங்கினாரோ அங்கே அவர் பெயரில் பேரேடு இருக்கும், ஒரு நகல் கேட்டால் தருவார்கள். கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், லாட்ஜ் என்று வருட ஒப்பந்தத்தில் பார்த்துக்கொண்ட இடங்கள் இருந்தால் அந்த ஒப்பந்தமும் ரசீதும் மிகவும் மதிப்பானவை. கடை வாடகை ஒப்பந்தம், கடைக்கு வந்த மின்கட்டணம், உதவிக்கு ஒரு பையனை வைத்திருந்தால் அவனுக்குக் கொடுத்த சம்பளம், ஐ.டி.ஐ. சான்றிதழ், பைக் கடனுக்கும் நகைக் கடனுக்கும் கட்டிய தவணை இவற்றையெல்லாம் சேருங்கள். மாதம் ஒன்பதாயிரம் தவணை தவறாமல் கட்டியவர் பன்னிரண்டாயிரம்தான் சம்பாதித்தார் என்று வாதாடுவது கஷ்டம்.

அவருடைய போன் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் பத்திரமாக வையுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். மூன்று மாதம் போல் சும்மா விட்டால் கம்பெனி எண்ணை ரத்து செய்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். வாட்ஸப்பில் "அண்ணே, ஏ.சி.ல தண்ணி ஒழுகுது, எப்ப வர்றீங்க" என்று வந்த செய்திகள், அவர் அனுப்பிய எஸ்டிமேட், பணம் வந்த ஸ்கிரீன்ஷாட் எல்லாம் தொழில் நடந்ததற்குச் சாட்சி. அதிலிருந்து இரண்டு வாடிக்கையாளர்களைப் பிடித்து, நீதிமன்றத்தில் வந்து சொல்வார்களா என்று கேட்டு வையுங்கள். ஒன்று மட்டும் வேண்டாம். இறந்த பிறகு அவசரமாக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதைக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தேதியைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும், உண்மையான ஆதாரங்கள் மேலும் சந்தேகம் விழும்.

வருமானத்துக்கு அடுத்தபடி வயது. 38 என்று எழுதியிருக்கிறீர்கள். ஆதாரில் என்ன இருக்கிறது? நம் பக்கம் ஆதாரில் ஜனவரி 1 என்று குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த தேதிகள் ஏராளம். அதில் 41 என்று வருகிறதென்று வையுங்கள். பெருக்கு எண் 15 என்பது 14 ஆகும், கூட்டும் 40 சதவீதம் 25 ஆகக் குறையும். மாதம் 18,000 என்ற அதே வருமானத்தில் 34,02,000 என்பது 28,35,000 ஆகிவிடும். ஒரே தாளில் 5,67,000 ரூபாய் போய்விடுகிறது. ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரமல்ல, பள்ளிச் சான்றிதழையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2024 அக்டோபரில் இப்படி ஒரு விபத்து வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே அவர் படித்த பள்ளியில் மாற்றுச் சான்றிதழோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோ வாங்கி வையுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் போலீஸ்காரர் சொன்ன உத்தேச வயது இருக்கும், அதையும் பார்த்து வையுங்கள்.

முதல் தகவல் அறிக்கையைப் பற்றி. அது வேதவாக்கு அல்ல. வழிப்போக்கர் அவசரத்தில் சொன்னதை எழுத்தர் தன் நடையில் எழுதியிருப்பார். மூன்று தாள்கள் அதைவிட முக்கியம். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் எந்த வண்டியில் எந்தப் பக்கம் அடி என்று இருக்கும். பைக்கின் பின்பக்கம் நசுங்கி, காரின் முன் இடப்பக்க விளக்கு உடைந்திருந்தால், நேராகப் போன பைக்கைப் பின்னால் வந்து மோதியதாக வாதாட இடம் இருக்கிறது. பைக்கின் பக்கவாட்டில் அடி என்றால் திரும்பும்போது மோதியதாகச் சொல்வார்கள். அடுத்தது, விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் பார்த்து எழுதும் பார்வை மகஜரும் அதோடு உள்ள மாதிரி வரைபடமும். மீடியன் இடைவெளி எங்கே, டயர் தேய்ந்த தடம் எத்தனை அடி, பைக் எங்கே விழுந்து கிடந்தது என்று அதில் குறித்திருப்பார்கள். நாற்பது ஐம்பது அடிக்குத் தடம் இருந்தால் கார் வந்த வேகத்தை அதுவே சொல்லிவிடும். மூன்றாவது குற்றப்பத்திரிகை. விசாரணை முடிந்து கார் ஓட்டியவர் மேல் அது தாக்கலாகியிருந்தால் உங்களுக்குப் பெரிய பலம். நேரில் பார்த்தவர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்த இடத்தில் உள்ள இளநீர்க் கடைக்காரர், பங்க்கில் வேலை செய்பவர் என்று போய் விசாரியுங்கள். சிசிடிவி பதிவு நான்கு மாதம் இருக்காது, ஆனால் போலீஸ் அப்போதே எடுத்து வைத்திருக்கலாம், கேளுங்கள்.

இழப்பீட்டு வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் பார்ப்பார்கள். கிரிமினல் வழக்கில் கார் ஓட்டியவர் விடுதலையானாலும் இந்த வழக்கு அதோடு சாகாது. பைக் பக்கமும் கொஞ்சம் தவறு இருக்கிறது என்று முடிவானால் அந்த அளவுக்குச் சதவீதம் கழிப்பார்கள், மொத்தமாகத் தள்ளிவிட மாட்டார்கள். ஹெல்மெட் விஷயமும் இதே மாதிரிதான். தலைக்காயத்தால் மரணம் என்று பிரேதப் பரிசோதனை சொன்னால் எதிர்த்தரப்பு ஒரு பங்கு கழிக்கச் சொல்லும், தீர்ப்பாயங்கள் சில நேரம் கழிக்கவும் செய்கின்றன. மார்பிலோ வயிற்றிலோ பட்ட அடியால் என்றால் ஹெல்மெட் பேச்சுக்கே இடமில்லை. அக்காவிடம் "போட்டிருந்தார் என்று சொல்லிவிடு" என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

ஏனென்றால் அக்காதான் முதல் சாட்சி. கூண்டில் ஏறியதும் இன்சூரன்ஸ் வக்கீல் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "விபத்தை நீங்கள் நேரில் பார்க்கவில்லை என்றால் சரிதானே?" என்பார். சரிதான் என்று சொல்ல வேண்டியதுதான், பார்க்கவில்லையே. "உங்கள் கணவர் கணக்கு வழக்கு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை என்றால் சரிதானே?" என்பார். அதற்குத் தலையாட்டிவிடக் கூடாது. "வங்கிக் கணக்கும் கடை ரசீதும் தாக்கல் செய்திருக்கிறோம்" என்று சொல்ல அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு, எந்தத் தாள் எதற்கு என்று அக்காவும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். எல்லாம் தம்பிக்குத் தெரியும் என்று விட்டுவிட்டால் கூண்டில் நீங்கள் பக்கத்தில் நிற்க முடியாது.

தவறு யாருடையது என்ற கேள்வியே இல்லாமல் ஐந்து லட்சம் கேட்கும் 164ஆம் பிரிவும் இருக்கிறது. அதை எடுத்தால் 166இல் கேட்க முடியாது. உங்கள் வழக்குக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். வழக்கு நடக்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனி மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று வரும். மேலே போட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் நியாயமான பங்கு வந்தால் முடிக்கலாம், வருடக்கணக்கான அலைச்சல் மிச்சம். ஆனால் அங்கே முடித்தால் மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பு வரை போய், தொகை குறைவு என்று தோன்றினால் தொண்ணூறு நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். உங்களுக்கு மதுரைக் கிளை.

இந்த வழக்கோடு சம்பந்தமில்லாத சில பணங்களையும் விட்டுவிடாதீர்கள். பைக் மாமா பெயரில் இருந்து, அவரிடம் லைசென்ஸும் இருந்தால், பைக்கின் பாலிசியை எடுத்துப் பாருங்கள். உரிமையாளர் ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு அதில் சேர்ந்திருந்தால் 15 லட்சம் ரூபாய். யார் மேல் தவறு என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாதிக் குடும்பங்கள் இதைக் கேட்பதே இல்லை. வங்கி பாஸ்புக்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் சுரக்ஷா பீமா, இரண்டு லட்சம். 436 ரூபாய் பிடித்திருந்தால் ஜீவன் ஜோதி, அதுவும் இரண்டு லட்சம். சுரக்ஷா பீமாவுக்கு முப்பது நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்குத் தாமதமாகிவிட்டது, இருந்தாலும் காரணத்தை எழுதிக் கொடுத்துப் பாருங்கள். இப்படி வரும் காப்பீட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத் தொகையில் கழிக்க மாட்டார்கள்.

கடைசியாக மாமாவின் அம்மா. அவரை விட்டுவிட்டு மனுப் போடலாமா என்ற எண்ணம் வீட்டில் யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். வாரிசுச் சான்றிதழில் அவர் பெயரும் வரும், மனுவில் அவரும் ஒரு மனுதாரராக இருக்க வேண்டியவர். கணக்குப்படியும் அதுதான் நல்லது. நம்பியிருந்தவர்கள் மூன்றே பேர் என்றால் கால் பங்குக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். அதே 18,000 ரூபாய் வருமானத்தில் 34,02,000 என்பது 30,24,000 ஆகிவிடும். அந்த 3,78,000 ரூபாய் வித்தியாசமும் உறவு இழப்புக்கான 48,000 ரூபாயும் அந்த அம்மா இருப்பதால் வருவது. அவருக்கும் இதைச் சொல்லுங்கள், பாதி என்பது நடக்காது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது தீர்ப்பாயம். சிறு பிள்ளைகளோடு இருக்கும் மனைவிக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும்தான் பெரும்பங்கு போகும், தாய்க்கு அதைவிடக் குறைவாகவே வரும். பிள்ளைகளின் பங்கை அவர்கள் மேஜராகும் வரை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பில் போடச் சொல்வார்கள், வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாய் எடுத்துப் படிப்புச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். அக்கா பெயரிலும் மாமியார் பெயரிலும் தனித்தனியாகக் கணக்கு இல்லை என்றால் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். அவரவர் பங்கு அவரவர் கணக்குக்குத்தான் வர வேண்டும். உங்கள் கணக்கு எண்ணைக்கூடக் கொடுக்காதீர்கள், தம்பி.